நாலாம் பாகத்தில் ஏன் நின்றுவிடுகிறார்கள்? ஃபவுண்டேஷன், எக்ஸ்பான்ஸ், டூன்

நீளமான அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எப்படியும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "மூணு பாகம் ஓடிச்சு, நாலாவதுல நின்னுட்டேன்." ஃபவுண்டேஷன், எக்ஸ்பான்ஸ், டூன் மூன்றைப் பற்றியும் இதைக் கேட்டிருக்கிறேன். மூன்றையும் படித்துமுடித்த பிறகு எனக்குத் தோன்றுவது, அவர்களை நிறுத்தியது பக்க எண்ணிக்கை இல்லை. முதல் மூன்று பாகங்களில் நாம் ஒரு நடைக்குப் பழகிவிடுகிறோம். நாலாவது பாகம் அதை மாற்றுகிறது. மாற்றியதற்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. (முடிவுகளைச் சொல்லவில்லை; நடுவில் வரும் சில காட்சிகளைச் சொல்லியிருக்கிறேன்.)

ஐசக் அசிமோவ் எழுதிய ஃபவுண்டேஷனின் முதல் மூன்று நூல்கள் பெரும்பாலும் 1942 முதல் 1950 வரை பத்திரிகையில் வந்த கதைகள். ஒரு நெருக்கடி, ஒரு தீர்வு, பக்கத்தைப் புரட்டினால் பல ஆண்டுகள் ஓடிப்போயிருக்கும். மனதுக்குப் பிடித்த ஆள் அடுத்த கதையில் உயிரோடு இருக்கமாட்டார் என்பது பலருடைய குறை. நியாயமான குறைதான். ஆனால் அந்தத் தாவல்கள் இல்லாமல், வரப்போகும் நெருக்கடிகளைக் கணிதத்தால் முன்கூட்டியே கணித்துவிட்டு எப்போதோ இறந்துபோன ஹாரி செல்டன் பதிவுசெய்துவைத்த உருவம் தோன்றி, வெளியே நடக்கும் படையெடுப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நெருக்கடியைப் பற்றி நிதானமாகப் பேசும் காட்சி அப்படி உறைத்திருக்காது. அத்தனை தலைமுறைகளாக அவர் கணக்கு தப்பாததைப் பார்த்துக்கொண்டே வந்த நமக்கும் அங்கே வயிறு கலங்குகிறது.

தொடரை மறுபடி எழுத உட்கார்ந்த அசிமோவ், பழைய மூன்றையும் படித்துவிட்டு, எல்லாமே யோசனையும் உரையாடலுமாக இருக்கிறதே, எதுவும் நடக்கவில்லையே என்று திகைத்ததாக எழுதியிருக்கிறார். உண்மைதான், அவை பேச்சால் ஆனவை. ஆனாலும் அந்தப் பேச்சு இழுவையாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் முடிவு பக்கத்திலேயே இருந்தது. 1982-ல் வந்த நாலாவது நூல் முந்தையவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். நூற்றாண்டுகளைத் தாவிய தொடர், பூமியைத் தேடிக் கப்பலேறும் இரண்டு பேர் கூடவே போகிறது. பேச்சு அதே பேச்சு, முடிவு மட்டும் தூரம் போய்விட்டது. 1983-ல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கிய நூல்தான். ஆனாலும் மூன்றோடு நிறுத்துகிறவர்களை நான் தடுக்கமாட்டேன்.

அடுத்தது எக்ஸ்பான்ஸ். 2011-க்கும் 2021-க்கும் இடையில் ஒன்பது நாவல்கள். ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்ற ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதியது. வேகத்தில் மூன்றுக்கும் இதுதான் முதலிடம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் பார்வை மாறுவதால், ஒருவர் கதை சூடுபிடிக்கும் இடத்தில் இன்னொருவரிடம் போய்விடுவோம். நாலாவது நாவலில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கிரகத்திலும் அதன் சுற்றுப்பாதையிலும் மாட்டிக்கொள்கிறார்கள். சூரியக் குடும்பம் முழுக்க அலைந்த வாசகருக்கு மூச்சு முட்டுகிறது.

எனக்கு அந்த நெரிசல் பிடித்தது. கண்ணுக்குள் வளரும் ஒரு நுண்ணுயிரால் எல்லோருக்கும் பார்வை போகிறது. பழைய கதிர்வீச்சுப் பாதிப்புக்காகப் புற்றுநோய் மருந்து சாப்பிட்டுவரும் கப்பல் தலைவர் ஹோல்டனுக்கு மட்டும் கண் தெரிகிறது. தொட்டாலே கொல்லும் நத்தை மாதிரியான உயிர்கள் ஊர்ந்து வராமல் பார்த்துக்கொள்ள, அவர் தூக்கமில்லாமல் எல்லோரும் ஒதுங்கியிருக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்த அலுப்பு நம் மேலும் ஏறுகிறது. அப்புறம் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் கதை சுமார் முப்பது ஆண்டு தாவுகிறது. அதே கப்பல், அதே ஆட்கள், வயதாகியிருக்கிறது, ஹோல்டனும் அவர் துணைவி நவோமியும் ஓய்வெடுக்க நினைக்கிறார்கள். ஃபவுண்டேஷனிடம் வாசகர் கேட்டது இங்கே கிடைத்துவிடுகிறது: காலமும் ஓடுகிறது, பழகிய முகமும் கூட வருகிறது.

டூனின் நாலாவது பாகம் இந்த எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. அதிகம் பேர் கழன்றுகொள்வதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். 3,500 ஆண்டுகள் ஓடிவிட்டன. பாலைவனக் கிரகத்தில் பாலைவனமே கொஞ்சம்தான் மிச்சம். பேரரசன் லெட்டோ மனித முகம் கொண்ட மணற்புழுவாகி (அந்தப் பாலைவனத்து ராட்சதப் புழு), பேரரசை அசையவிடாமல் பிடித்துவைத்திருக்கிறான். தொடக்கத்தில் இரவுக் காட்டில் ஓநாய்கள் துரத்த, அவனை எதிர்க்கும் சியோனாவும் கூட்டாளிகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதே வேகத்தில் போகும் என்று நினைத்தால், அப்புறம் நூறு நூறு பக்கமாக லெட்டோ பேசுகிறான். இழுவை என்கிறார்கள். இழுவைதான், மறுக்கவில்லை. ஆனால் எதுவும் நகராத ஓர் ஆட்சியில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கங்களே நமக்குச் செய்துகாட்டுகின்றன. பிற்பகுதியில் லெட்டோ சியோனாவைப் பாலைவனத்துக்குள் நடத்திக் கூட்டிப்போகிறான். அவள் உடல் ஈரத்தைச் சேமிக்கும் உடையின் முகமூடியைச் சரியாக மூடாமல் ஈரத்தை இழந்துகொண்டே வருகிறாள். கடைசியில் குடிக்க இருப்பது அவன் முகத்தோரத்து மடிப்பில் ஊறும் சில துளிகள் மட்டும். இரண்டே பேர், மணல், தாகம். அதுவரை பொறுமையாகப் படித்தவருக்குத்தான் அந்த நடை முழுதாகக் கிடைக்கும்.

டூனின் மூன்றாவது பாகம் 1976-லும் நாலாவது 1981-லும் வந்தன. அன்றைய வாசகர்களுக்கு நடுவில் ஐந்து வருடம் இருந்தது. நாம் ராத்திரி ஒன்றை மூடிவைத்துவிட்டுக் காலையில் அடுத்ததைத் திறக்கிறோம். நடுவில் ஒரு மாதமாவது வேறு எதையாவது படித்துவிட்டு லெட்டோவிடம் போங்கள்.