கன்னி நீரா, பவுல் நீரா?

ரோமில் மறுபிறவி எடுத்த இரண்டு பழைய நீர்க்கால்வாய்களில் என் ஓட்டு கன்னிக்கே. கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய அக்வா விர்கோ (விர்கோ என்றால் கன்னி) ஏறக்குறைய 21 கி.மீ., பெரும்பகுதி நிலத்தடியில். கி.பி. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கால்வாய்களைத் துண்டித்தபோதும் இது முழுதாகச் சாகவில்லை. அதனால் போப்புகளுக்குப் பழுதுபார்ப்பதே வேலை: 1453இல் ஐந்தாம் நிக்கோலஸ், 1570இல் ஐந்தாம் பயஸ். 1762இல் முடிந்த திரேவி நீரூற்றுக்கும் இதே தண்ணீர்தான்.

பேரரசர் டிராஜன் கி.பி. 109இல் பிராச்சானோ ஏரிப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து கொண்டுவந்த கால்வாயோ பாழாகிக் கிடந்தது. போப் ஐந்தாம் பவுல் (பவுல் நீர் என்ற பெயர் இவரால்தான்) அதன் தடத்தில் பெருமளவு புதிதாகவே கட்டி, 1612இல் ஜானிகுலம் குன்றில் பிரம்மாண்ட நீரூற்றும் எழுப்பினார். கண்ணுக்கு விருந்துதான்! ஆனால் பின்னாளில் ஏரி நீரும் கலந்ததால் சுவை கெட்டது. உதவாத பொருளை 'பவுல் நீர் மாதிரி' என்று ரோமானியர் கேலி செய்தார்கள்.