டிஎன்டி ரிப்போர்ட்டைக் காட்டி எச்ஐவி குணமாயிடுச்சுன்னு சொன்னா நம்பாதீங்க

பேரு போடாமதான் எழுதறேன், மன்னிச்சுக்கங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். 2013ல வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம்தான் எனக்கும் எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சுது. அடுத்த வருசம் ஏஆர்டி சென்டர்ல, அதான் அரசாங்கம் எச்ஐவிக்கு ஃப்ரீயா மாத்திரை தர்ற எடம், மாத்திரை ஆரம்பிச்சாங்க, ராத்திரி படுக்கறப்ப ஒரே ஒரு மாத்திரை, அதுக்குள்ளயே டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ்னு மூணு மருந்து. நாலு வருசம் ஒரு நாள் விடாம போட்டேன். 2018 ஜூலைல வைரல் லோடு, அதான் ரத்தத்துல எவ்ளோ வைரஸ் இருக்குன்னு பாத்தாங்க, டார்கெட் நாட் டிடெக்டட்னு வந்துச்சு, சுருக்கமா டிஎன்டிம்பாங்க. டெஸ்ட்ல தெரியற அளவுக்கு ரத்தத்துல வைரஸ் இல்லன்னு அர்த்தம், குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கவுன்சிலர் மேடத்துக்கு அவ்ளோ சந்தோசம், அந்த வரிக்குப் பக்கத்துல நீல பேனால ஒரு டிக் அடிச்சு குட்டியா ஒரு ஸ்டாரும் போட்டுக் குடுத்தாங்க.

எஃபாவிரென்ஸ் போட்டவங்களுக்குத் தெரியும், தலை சுத்தும், கனவு கனவா வரும், காலைல எந்திரிச்சா கால் தரைல நிக்காது. எனக்கு அது கடைசி வரைக்கும் போகவே இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் எங்க அக்கா ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனா. பரம்பரை வைத்தியர்னு சொல்லிக்கிட்டார். பைல நெறைய ரிப்போர்ட் வச்சிருந்தார், பேரு இருக்கற இடமெல்லாம் வெள்ளை மை, எல்லாத்துலயும் டிஎன்டி. "பாத்தியா கண்ணு, இவங்களுக்கெல்லாம் கிருமியே இல்ல, எல்லாம் என் மருந்து"ன்னார். என் ரிப்போர்ட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டார். ஒரு மண்டலத்துக்கு 18,000. மூணு மண்டலத்துக்கு என் தோடும் செயினும் அடகுக்குப் போச்சு. செந்தூரக் கலர்ல ஒரு பொடி, சாம்பல் கலர்ல ஒரு பொடி, பேப்பர்ல மடிச்சுத் தருவார், தேன்ல கொழைச்சு சாப்பிடணும்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பயமா இருக்குங்கன்னு சொன்னேன், சரி ஒரு மண்டலம் பொடி, நடுவுல பத்து நாள் மாத்திரை, மறுபடி பொடி, அப்படியே ஒடம்பைப் பழக்கிடலாம்னார். ஏஆர்டி சென்டர்ல மிச்ச மாத்திரையை எண்ணுவாங்கன்னு மாசாமாசம் வாங்கிட்டு வந்து பாத்ரூம்ல கொட்டினேன். இதை எழுதறப்ப கை நடுங்குது. 2004 ஏப்ரலுக்கு முன்னாடி அரசாங்கத்துல இந்த மாத்திரையே கெடையாது, காசு இருக்கறவங்க வெளிய வாங்கிப் போட்டாங்க, இல்லாதவங்க செத்தாங்க. அதை நான் கொட்டிருக்கேன்.

2019 ஏப்ரல்ல வாய் பூரா வெள்ளை படிஞ்சுது, காய்ச்சல் விடல, எடை எட்டு கிலோ எறங்கிடுச்சு. வைரல் லோடு 84,000. சென்டர்ல போய் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். யாரும் திட்டல. மூணு மாசம் கவுன்சிலிங் குடுத்து ஒழுங்கா மாத்திரை போட வச்சு திரும்பப் பாத்தாங்க, அப்பவும் 31,000. நான் ஒரு வேளை கூட விடல, ஆனா மாத்திரை வேலை செய்யல.

டாக்டர் சொல்லித்தான் புரிஞ்சுது, என் வேலையை வச்சே சொன்னார். "உங்க கம்பெனில பீஸ் தைச்சா செக்கிங் டேபிளுக்கு வருதில்லம்மா, இந்த வைரசுக்கு செக்கிங்கே கெடையாது"ன்னார். அதோட மரபணுவுல இருக்கற எழுத்து கிட்டத்தட்ட 10,000, அதைக் காப்பி எடுக்கற என்சைம் தப்பு போட்டா திரும்பிப் பாக்காது, சராசரியா மூணு நாலு காப்பிக்கு ஒரு எழுத்து தப்பாயிடும். மருந்து இல்லாத ஒடம்புல ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி புது வைரஸ் உருவாகும், அப்ப எந்தத் தப்பு வேணா தெனமும் எங்கயோ ஒரு காப்பில வந்துக்கிட்டே இருக்கும். பெரும்பாலும் அந்தத் தப்பு வைரசுக்கே ஆகாது, ஆனா ஒண்ணு ரெண்டு தப்பு மட்டும், மருந்து வந்து ஒட்டற எடத்தை மாத்திடும். மூணு மருந்தை ஒண்ணா குடுக்கறதே அதுக்குத்தான், ஒண்ணுல தப்பிச்சாலும் மத்த ரெண்டும் புடிச்சிடும். ஆனா மாத்திரையை திடீர்னு நிறுத்துனா மூணும் ஒரே நாள்ல ஒடம்பை விட்டுப் போகாது. மத்ததெல்லாம் முன்னாடியே வடிஞ்சிடும், எஃபாவிரென்ஸ் மட்டும் ஒரு வாரத்துக்கு மேலயும் ரத்தத்துல தனியா நிக்கும். தனியா நிக்கற மருந்தை ஏமாத்த ஒரே ஒரு எழுத்து மாறினாப் போதும். அந்த ஆள் சொன்ன பத்து நாள் கணக்கை நான் மூணு தடவை செஞ்சேன், மூணு தடவையும் அதுக்கு வழி விட்டுக் குடுத்திருக்கேன்.

டாக்டரே சொல்லி வெளி லேப்ல ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட், அதான் எந்தெந்த மருந்துக்கு வைரஸ் அடங்காதுன்னு பாக்கற டெஸ்ட் எடுத்தேன், என் ஒரு மாச சம்பளத்துக்கு மேல ஆச்சு. அதை மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கறப்பவே எடுக்கணுமாம், நிறுத்திட்டா பழைய வைரஸ் மேல வந்து மாறினதை மறைச்சிடும். கே103என், எம்184வின்னு வைரஸ்ல ரெண்டு மாற்றம் இருக்குன்னு வந்துச்சு. மொதல்லது இருந்தா எஃபாவிரென்சும் போச்சு, அதே வகை மருந்தான நெவிராபினும் போச்சு. ரெண்டாவது லாமிவுடினைக் கெடுக்கறது. மாறின காப்பி தூங்கற செல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும், பத்து வருசம் கழிச்சு அதே மருந்தைக் குடுத்தாலும் எந்திரிச்சு வரும்.

2019 அக்டோபர்ல செகண்ட் லைன், அதான் மொத மருந்து வேலை செய்யாதவங்களுக்குத் தர்ற மாத்திரைக்கு மாத்துனாங்க, அதுவும் ஃப்ரீதான். காலைல ஒண்ணு, ராத்திரி ரெண்டு. அதுல இருக்கற அட்டாசானவிர்ல கண்ணு மஞ்சளாகும், ஆபத்து இல்ல, ஆனா கம்பெனில பக்கத்துல நிக்கறவங்க "காமாலையா?"ன்னு கேக்கறப்ப ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கு. இப்ப வைரல் லோடு கண்ட்ரோல்ல இருக்கு.

இப்ப புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு டோலுடெக்ராவிர் இருக்கற மாத்திரை தராங்க, அவ்ளோ சீக்கிரம் ரெசிஸ்டன்ஸ் வராதுதான். ஆனா வெறும் வயித்துல அயர்ன், கால்சியத்தோட சேத்துப் போட்டா அது வயித்துலயே ஒட்டிக்கிட்டு ரத்தத்துல சரியா ஏறாது, அப்படின்னா அயர்ன், கால்சியத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியோ ஆறு மணி நேரம் பின்னாடியோதான் போடணும். செந்தூரம், பற்பம்னு தர்ற வைத்தியர் பொடில இரும்பு, சங்கு, சிப்பி எல்லாம் இருக்கலாம். அந்த ஆள் இப்ப "மாத்திரையை நிறுத்த வேண்டாம், கூடவே பொடி சாப்பிடு"ன்னு பேச்சை மாத்திட்டார்னு கேள்விப்பட்டேன். தயவுசெஞ்சு எந்தப் பொடியா இருந்தாலும் சென்டர்ல காட்டிட்டு வாய்ல போடுங்க. எய்ட்ஸைக் குணப்படுத்தும்னு எந்த மருந்தையும் சொல்லி விக்கக் கூடாதுன்னு மருந்து விதிகளோட ஷெட்யூல் ஜேங்கற பட்டியல்லயே இருக்கு.

பேரு வெளிய வந்துடும்னு நான் புகார் குடுக்கல. 2017ல வந்த எச்ஐவி சட்டத்துல பேரை மறைச்சே கேஸ் நடத்த வழி இருக்குன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது. யாருக்காவது சந்தேகம்னா 1097க்கு ஃபோன் பண்ணுங்க, காசு கெடையாது.

இவ்ளோ நாள் கழிச்சு இதை எழுதறதுக்குக் காரணம், போன மாசம் சென்டர் க்யூல ஒரு சின்னப் பொண்ணு, கைல கொழந்தை. அந்த ஆளைப் பாத்துட்டு வந்திருக்கா, மாத்திரையை நிறுத்தலாமான்னு என்கிட்ட கேட்டா. திருப்பூர்ல ஒரு அக்காவுக்கு மூணு மண்டலத்துல சரியாயிடுச்சாம், ப்ரூஃப் இருக்குங்க்கான்னு ஃபோனை எடுத்துக் காட்டினா. பேரு மேல வெள்ளை மை, தேதி மேலயும் வெள்ளை மை. டிஎன்டிங்கற வரிக்குப் பக்கத்துல ஒரு டிக், அதுக்கு மேல குட்டியா ஒரு ஸ்டார்.

அது என் ரிப்போர்ட்டு. அந்தப் பொடியைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. அங்கயே அந்தப் பொண்ணோட கையைப் புடிச்சு உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன், கவுன்சிலர் ரூமுக்குள்ள நானே கூட்டிட்டுப் போனேன். வேற யார்கிட்டயாவது அந்த ஆள் அந்த ஃபோட்டோவைக் காட்டியிருந்தா, அதுல இருக்கறது நாலு வருச மாத்திரையோட பலன்.