கட்டித் திசுவுக்கு 16எஸ் சேவை: கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

புற்றுநோய்க் கட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாவை 16எஸ் (எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள ஓர் அடையாள மரபணு) டிஎன்ஏ மூலம் தேடும் ஆய்வுக்கூடங்களுக்காக இதை எழுதுகிறோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அலுவலகம் கோலாலம்பூரில், டிஎன்ஏவை வாசிக்கும் (வரிசைப்படுத்தும்) கருவி வெளிநாட்டில். மல மாதிரிக்கு இவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை: சொன்ன தேதியில் தரவு வரும், கேள்விக்குப் பதில் வரும். ஆனால் அதே பேக்கேஜை அறுவைசிகிச்சைத் திசுவுக்கும் விற்கிறார்கள். கோளாறு அங்கேதான்.

முதலில் வருவது தர அறிக்கை. கியூபிட் அளவு (மொத்த டிஎன்ஏ எவ்வளவு என்று), ஜெல் படம் (டிஎன்ஏ பட்டையாகத் தெரிவது), பக்கத்தில் பச்சையில் 'தேர்ச்சி'. கட்டித் திசுவுக்கு இந்தப் பச்சை நிறத்தால் எந்தப் பயனும் இல்லை. ஒரு மனித செல்லில் சுமார் 6.6 பிகோகிராம் டிஎன்ஏ இருக்கிறது. ஒரு பாக்டீரியாவில் சுமார் 5 ஃபெம்டோகிராம்தான். ஒரே ஒரு மனித செல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியாவின் டிஎன்ஏவை மூடி மறைத்துவிடும். கியூபிட் காட்டுவது ஏறக்குறைய முழுக்க நோயாளியின் டிஎன்ஏவை. கேட்க வேண்டியது 16எஸ் மரபணுவுக்கான கியூபிசிஆர், அதாவது டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி (பிசிஆர்) பாக்டீரியாவின் அளவை மட்டும் காட்டும் சோதனை. மாதிரியின் சிடி மதிப்பும் (எத்தனையாவது சுற்றில் டிஎன்ஏ தென்பட்டது என்ற எண்) பிளாங்க்கின் (திசு போடாமல் ஓட்டும் வெற்று மாதிரி) சிடி மதிப்பும் ஒட்டி ஒட்டி வந்தால் அந்த மாதிரியை வரிசைப்படுத்தப் பணம் கட்டாதீர்கள். கியூபிசிஆர் இவர்கள் பட்டியலில் இல்லை. கேட்டால் தனிக் கட்டணத்தில் செய்து தருகிறார்கள்.

அடுத்தது பிளாங்க். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே (வேதிப்பொருள் தொகுப்பு) பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வரும். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்பிங்கோமோனாஸ், மெத்திலோபாக்டீரியம் என்று பாக்டீரியாப் பெயர்கள் முடிவு அட்டவணையில் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகம் முதலில் கிட்டின் மேல் விழ வேண்டும். 2014இல் வந்த ஓர் ஆய்வு சால்மொனெல்லா பொங்கோரியைப் படிப்படியாக நீர்த்துக்கொண்டே போய் வரிசைப்படுத்தியது; நீர்க்க நீர்க்க சால்மொனெல்லா குறைந்து கிட்டின் அழுக்கு மேலே வந்தது. 2020இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டி ஆய்வு 1,526 திசு மாதிரிகளுக்கு 600க்கும் மேற்பட்ட எதிர்மறைக் கட்டுப்பாடுகளை (பிளாங்க் போன்றவை) வைத்தது. நம் நிறுவனம் மாதிரிகளை வைக்கும் குழித் தட்டு ஒன்றுக்கு எத்தனை வைக்கிறது? ஒன்று. அதுவும் பிசிஆர் தண்ணீர் பிளாங்க் மட்டுமே. ஜெல்லில் பட்டை தெரியவில்லை என்பதற்காக அதை வரிசைப்படுத்துவதும் இல்லை. கூடுதல் பிளாங்க் அனுப்பினால் முழு மாதிரி விலை. வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் கட்டுங்கள். திசு இல்லாத பிரித்தெடுப்பு பிளாங்க், பிசிஆர் பிளாங்க் இரண்டும் வேண்டும். மெழுகில் பதித்த திசுவாக (பாரஃபின் பிளாக்) இருந்தால் அதே பிளாக்கின் திசு இல்லாத மெழுகு ஓரத்திலிருந்து வெட்டிய பிளாங்க்கும் வேண்டும். தட்டின் ஒரே மூலையில் அடுக்காமல் பரவலாக வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் குழியிலிருந்து கசிவது அப்போதுதான் தெரியும். கட்டி ஒரு தட்டிலும் இயல்புத் திசு இன்னொரு தட்டிலும் போனால், வித்தியாசம் திசுவாலா தட்டாலா என்பதைப் பிறகு எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது.

பிரைமர் (பிசிஆர் எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) விஷயத்திலும் விழிப்பு தேவை. இவர்களின் வழக்கமான தேர்வு 16எஸ் மரபணுவின் வி3-வி4 பகுதி, சுமார் 460 பேஸ் நீளம். ஃபார்மலினில் ஊறிய திசுவின் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும். அந்த நீளம் தாங்காது. வி4 மட்டும் என்றால் 300க்குள் முடிந்துவிடும், ஆனால் மனித மைட்டோகாண்ட்ரியாவிலும் அந்தப் பிரைமர் போய் ஒட்டும். அறிக்கையில் ரிக்கெட்சியேல்ஸ் வரிசையின்கீழ் 'மைட்டோகாண்ட்ரியா' என்றோ வகைப்படுத்தப்படாதவை என்றோ பெரிய பங்கு தெரிந்தால், வாங்கிய ரீட்களில் (கருவி வாசித்துத் தரும் டிஎன்ஏ வரிசைகள்) அவ்வளவும் வீண். பெருங்குடல் கட்டி என்றால் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவையும் பிடிக்கும்படி திருத்திய வி1-வி2 பிரைமரைக் கேட்பதே எங்கள் பரிந்துரை. பட்டை மங்கலாக இருந்தால் பிசிஆர் சுற்றை 25லிருந்து 35க்கு ஏற்றிவிடுகிறார்கள், சொல்லாமலே. கைமேராவும் (வெவ்வேறு டிஎன்ஏ துண்டுகள் ஒட்டி உருவாகும் போலி வரிசை) அழுக்கும் சேர்ந்தே பெருகும். எத்தனை சுற்று என்று எழுத்தில் வாங்குங்கள்.

எடுத்துச்செல்லும் சேவை பரவாயில்லை. டிரை ஐஸ் தாராளமாகப் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் தீபாவளி, ஹரிராயா விடுமுறைக்கு முந்தைய நாளிலும் மட்டும் கொடுக்காதீர்கள். பெட்டி கிடங்கில் கிடக்கும். நோயாளித் திசு நாட்டைவிட்டுப் போகிறது என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதியில் அது குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைத் திசுவுக்கு என்எம்ஆர்ஆர் (மலேசியாவின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் தேவை.

தரவுக்கு வருவோம். வண்ணப் பட்டை வரைபடம், பிசிஓஏ (மாதிரிகளின் ஒற்றுமையைக் காட்டும் புள்ளிப் படம்), ஐம்பது பக்க பிடிஎஃப், எல்லாம் பார்க்க ஜோர். அவற்றை ஒதுக்கிவிட்டு, இரு முனை ரீட்களும் இணைக்கப்படாத மூல ஃபாஸ்ட்கியூ கோப்புகளைக் (ரீட் தரவு) கேளுங்கள். இவர்கள் 'கிளீன் டேட்டா' என்று தருவது ஏற்கெனவே இணைத்தது. டாடா2 என்ற மென்பொருள் வாசிப்புப் பிழைகளைக் கணிக்கக் கற்க அது உதவாது. பிரைமர் வெட்டப்பட்டதா என்று பாருங்கள். வெட்டாமல் ஓட்டினால் நல்ல ரீட்களும் கைமேரா என்று கழிந்துபோகும். பிறகு அழுக்கைக் கண்டுபிடிக்கும் டிகான்டம் மென்பொருள்: பரவல் முறையில் (பிளாங்க்கோடு ஒப்பிடுவது) இயல்பு வரம்பு 0.1, பாக்டீரியா மிகக் குறைவாக உள்ள மாதிரிக்கு 0.5 பொருத்தம். அதற்கும் பிளாங்க் தரவு கையில் இருக்க வேண்டும்.

ஷாட்கன் வரிசைப்படுத்தலையும் (மாதிரியில் உள்ள எல்லா டிஎன்ஏவையும் வாசிப்பது) விற்பனைப் பிரிவினர் பரிந்துரைக்கிறார்கள். கட்டித் திசுவில் 99 விழுக்காட்டுக்கு மேல் மனித ரீட்தான் வரும். மிச்சத்தில் மனித ரீட் பாக்டீரியாவாக வேடம் போட்டால் என்னவாகும் என்பதற்கு, 2020இல் நேச்சரில் வந்து 2024இல் திரும்பப் பெறப்பட்ட புற்றுநோய் நுண்ணுயிர் ஆய்வே சாட்சி. இந்தப் பேக்கேஜ் இப்போதைக்கு வேண்டாம்.

எங்கள் கணக்கில் மல மாதிரிக்கு 5க்கு 4, கட்டித் திசுவுக்கு 2. டிஎன்ஏ பிரித்தலை உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே, ஒரே லாட் எண் கொண்ட கிட்டில், பீட் பீட்டிங்குடன் (சிறு மணிகளோடு குலுக்கிச் செல்லை உடைப்பது) செய்து, பிளாங்க்கோடு சேர்த்து அனுப்பினால் அந்த 2 மூன்றாகும். ஆர்டர் படிவத்தின் குறிப்புப் பெட்டியில் "பட்டை இல்லாவிட்டாலும் பிளாங்க்கை வரிசைப்படுத்தவும்" என்று எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் அந்த டியூப்புகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.