பட்டாளத்துக்காரருக்கு எங்க ஊர் கிளினிக் மனநலப் பிரிவு எப்படி?

என் வீட்டுக்காரர் 1993-இல் ஐ.நா. படையோடு சோமாலியா போனவர். அந்த அக்டோபரில் மொகாடிசுவில் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்கக் கவச வண்டி ஓட்டிப் போனது நம்ம மலேசியப் பட்டாளம்தான். பேப்பரில் அதோடு முடிந்தது, இவருக்கு முடியவில்லை. செம்பனையில் மருந்தடிக்கும் டிரோன் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கையோடு எழுந்து பின்கதவைப் பூட்டப் போய்விடுவார்.

பேராக்கில் எங்க எஸ்டேட் பட்டணத்து அரசு கிளினிக்கில்தான் காட்டுகிறோம். காசு பெரிய விஷயமில்லை, ஒரு வெள்ளி (ரிங்கிட்). டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். "அங்கிள், திடோர் மச்சாம் மானா?" (தூக்கமெல்லாம் எப்படி?) என்று மலாயில் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு ஆரம்பித்தார் பாருங்கள், அதற்கே இவர் வாய் திறந்தார். வீட்டில் என்னிடம்கூட இவ்வளவு பேசியதில்லை! செர்ட்ராலின் என்ற மனநல மாத்திரை எழுதிக்கொடுத்து, பலன் தெரியச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்த விடாதீங்க என்று என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்.

மாத்திரை மட்டும் போதாதாம், நடந்ததைப் பேசிப் பயத்தைத் தணிக்கும் சிகிச்சையும் வேணுமாம். அங்கேதான் இடிக்கிறது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி. தேதி கிடைக்க மாதக்கணக்கு.

இன்னொன்று, கிளினிக்கில் அந்த டாக்டர் பார்க்கும் அறை தடுப்பூசி அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. பிள்ளை வீறிட்டால் இவர் நாற்காலிக் கையை இறுக்கிக்கொள்கிறார். இடம் ஒதுக்கினவருக்கு யோசனையே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண், அதில் மூன்று அந்த டாக்டருக்கே. மத்தியானத்துக்கு மேல் போங்க, கூட்டம் குறைவு. இடையில் பேச ஆள் வேணுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 தொலைபேசி எண் இருக்கிறது.