ஆராய்ச்சியை வெளி ஆய்வகத்திடம் கொடுத்தோம், எப்படி இருந்தது?

பேக்கேஜிங் பசை தயாரிக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கரைப்பான் கலந்த பசையிலிருந்து தண்ணீர்ப் பசைக்கு மாறியதும் பிரச்சினை ஆரம்பித்தது. சில பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல்களில் கச்சிதமாக ஒட்டும், சிலவற்றில் உரித்தால் கையோடு வந்துவிடும். எங்கள் லேபில் ஃபார்முலாவை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், ஒப்பந்த அடிப்படையில் ஆராய்ச்சி செய்து தரும் ஓர் ஆய்வகத்தைப் பிடித்தோம். பெயர் வேண்டாம்.

அவர்கள் முதலில் பசையைத் தொடவே இல்லை. ஃபிலிம் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது என்ன கோணத்தில் உட்காருகிறது என்று அளந்தார்கள். சொட்டு பரவினால் பசையும் பரவும், முத்தாகத் திரண்டு நின்றால் பசை பிடிக்காது. பசை பிடிப்பதற்காகத் தயாரிப்பின்போது ஃபிலிமின் மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள், அதற்குக் கொரோனா ட்ரீட்மென்ட் என்று பெயர். அதன் பலன் கிடங்கில் கிடக்கக் கிடக்கக் குறைந்துகொண்டே போகுமாம். உரிந்ததெல்லாம் பழைய ரோல்கள்! பசைக்காரர்களுக்குக் கண் பசை மேல்தான் போகும், இவர்களோ பெயின்ட், அச்சு மை என்று பல தொழில்களுக்கு வேலை செய்தவர்கள்.

பெரிய கம்பெனிகளும் காசை மிச்சம் பிடிக்க மட்டும் வெளியே போவதில்லை. பிரிங்கிள்ஸ் சிப்ஸ் மேல் படம் அச்சடிக்க நினைத்த ப்ராக்டர் அண்ட் கேம்பிள், முறையைத் தானே கண்டுபிடிக்க உட்காராமல் வெளியே விசாரித்தது. இத்தாலியின் போலோன்யாவில் ஒரு சின்ன பேக்கரி, சாப்பிடக்கூடிய படங்களை கேக்கிலும் பிஸ்கட்டிலும் ஏற்கெனவே அச்சடித்துக்கொண்டிருந்தது. அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள், 2004-ல் படம் போட்ட சிப்ஸ் விற்பனைக்கு வந்துவிட்டது.

சரி, குறைகள். முதல் கூட்டத்தில் பேசிய மூத்த விஞ்ஞானியைக் கையெழுத்தான பிறகு காணோம், வேலையைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். அறிக்கை தாமதம். அளவீடுகளின் மூலத் தரவையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம்.

ஒப்பந்தம் தனித் தலைவலி. நாங்கள் கொண்டுபோன ஃபார்முலா எங்களுடையது, அதில் சண்டையில்லை. சேர்ந்து செய்யும்போது புதிதாகக் கிடைப்பது யாருக்கு, அதை வைத்து நாளைக்கு எங்கள் போட்டியாளருக்கு இவர்கள் வேலை செய்யலாமா என்பதில்தான் இழுபறி. கடைசியில் பசை சம்பந்தப்பட்டதெல்லாம் எங்களுக்கு, சோதனை முறைகள் அவர்களுக்கு என்று பிரித்தோம். எனக்கு அது நியாயமாகவே பட்டது, மற்றவர்களிடம் வேலை செய்து சேர்த்த அனுபவத்தைத்தானே நாங்களும் காசு கொடுத்து வாங்கினோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கேள்வி தெளிவாக இருந்தால் தாராளமாகப் போகலாம், ‘புதுசா ஏதாவது பண்ணுங்க’ என்று போனால் பில்தான் வரும். அடுத்த வேலையையும் இவர்களிடமே கொடுக்கப்போகிறோம், ஆனால் யார் செய்வார் என்பதை இந்த முறை பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டுத்தான்.