“கரண்ட் போனாலும் கார் சார்ஜ் ஏறும்” என்று சோலார் விற்க வருகிறவர்களிடம் எச்சரிக்கை

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். மாடியில் சாதாரண ஆன்-கிரிட் (ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும்) சோலார் போட்டால், கரண்ட் போன அடுத்த நொடி அதுவும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும், மாடி நிறையப் பேனல் இருந்தாலும், வீட்டில் ஒரு பல்புகூட எரியாது. கார் எங்கே சார்ஜ் ஏறுவது? இந்த விஷயத்தை மறைத்துத்தான் எங்களிடம் சோலாரை விற்றார்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி இரண்டாவது தடவையும் பணம் பிடுங்கினார்கள். கடைசியாக அவர்கள் செய்யப் பார்த்த வேலை வீட்டில் ஒருவர் உயிரை எடுத்திருக்கும். ஆளின் பெயரையோ கடைப் பெயரையோ இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதே பேச்சை ஊர் ஊராகப் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு விழுப்புரம் பக்கம். 24 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி உள்ள சின்ன மின்சாரக் கார் வைத்திருக்கிறோம். அப்பாவை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி அழைத்துப் போய் வர வேண்டும், போக 40 கிலோமீட்டர், வர 40. பெட்ரோல் கணக்கைப் பார்த்துத்தான் இந்தக் காருக்கு மாறினோம். அந்த வகையில் காரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே கவலை மழைக்காலம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர் பக்கம் எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதைப் பார்த்தவர்களுக்கு அக்டோபர் பிறந்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.

இந்தக் கவலையைத்தான் அந்த ஏஜென்ட் பிடித்துக்கொண்டார். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு மாடி சோலாருக்குப் புதிய மானியத் திட்டத்தை அறிவித்த பிறகு, இவரைப் போன்றவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது, எங்களுக்கும் வந்தது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை உற்பத்தியாகிறது. கரண்ட் பில்லும் குறைந்தது. ஆனால் நாங்கள் கேட்டது பில்லைப் பற்றி இல்லை. “மழைக்காலத்தில் கரண்ட் போனால் கார் சார்ஜ் ஏறுமா?” என்று என் மனைவி நேருக்கு நேராகக் கேட்டாள். “ஈ.பி. போனா என்ன மேடம், சூரியன் போயிடுமா?” என்றார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவும் அதையே அனுப்பினார். அந்தச் செய்தி இன்னும் எங்களிடம் இருக்கிறது.

பேனல் மாட்டி, நெட் மீட்டர் (ஈ.பி.யிலிருந்து எடுப்பதையும் ஈ.பி.க்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) வந்து எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்தது. அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், “செட்டிங் மாத்தணும் சார், பையனை அனுப்பறேன்” என்றார். பையன் வரவே இல்லை. அடுத்த மாதப் பராமரிப்பின்போதும் அதே கதை.

இது செட்டிங் விஷயமே இல்லை. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், ஈ.பி. லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பார்த்து அதோடு சேர்ந்துதான் ஓடும். லைன் செத்துவிட்டால் இரண்டு விநாடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்று அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஏனென்றால் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் கதி என்ன? புயல் சமயத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கான பாதுகாப்பு இது. அதனால் சோலார் நின்றதில் தப்பே இல்லை. நிற்காது என்று சொல்லி விற்றதுதான் மோசடி. சோலார் மாட்டுகிற யாருக்கும் இது முதல் நாளே தெரியும்.

சரி, இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். நாங்கள் விடாமல் கேட்டதும் ஏஜென்ட் நேரில் வந்தார். “பேட்டரி பேக்கப் போட்டாத்தான் சார் முழுப் பலன், காரை ஃபுல் பண்ணிக்கலாம்” என்றார். 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி நான்கு, 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் ஒன்று, மொத்தம் 1,10,000 ரூபாய். இந்த இன்வெர்ட்டர் சோலாரோடு சேர்ந்ததும் இல்லை, ஈ.பி. கரண்ட்டில் பேட்டரியை ஏற்றி வைத்துக்கொள்ளும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய அண்ணன். கையில் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. ஜி.எஸ்.டி. பில் கேட்டால் “ஆபீஸ்ல ரெடியாகுது” என்பதே பதில். வாரன்ட்டி கார்டில் கடை முத்திரையும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் ஒரு பேட்டரியில் 1.8 யூனிட். நான்கிலும் சேர்த்து 7.2 யூனிட். அது காகிதத்தில்தான். அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு, அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். 15 ஆம்பியர் பிளக்கில் கார் சார்ஜர் இழுப்பது 3 கிலோவாட்டுக்கு மேல். அந்த வேகத்தில் இந்த நான்கு பேட்டரியிலிருந்தும் எழுபது ஆம்பியர் போகும். அப்படி இழுத்தால் டியூபுலர் பேட்டரி தன் கொள்ளளவில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் தரும். இன்வெர்ட்டரில் போகிற நஷ்டம், காருக்குள் சார்ஜ் ஏறும்போது போகிற நஷ்டம் இரண்டையும் கழித்தால் காருக்குப் போய்ச்சேருவது 3 யூனிட்தான். 24 யூனிட் பேட்டரியை இதில் ஃபுல் பண்ணுவதாம்! யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 24 கிலோமீட்டர். புதுச்சேரிக்கு ஒருவழிகூடப் போக முடியாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணையில் வெள்ளம் பெருக்கெடுத்தது. எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதால் பாதுகாப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். காரில் 31 சதவீதம் இருந்தது. இதற்காகத்தானே வாங்கினோம் என்று இன்வெர்ட்டர் லைனில் சார்ஜரைச் செருகினால், சார்ஜரில் சிவப்பு விளக்கு மின்னியது. எர்த் கோளாறு என்று காட்டியது. ஒரு சதவீதம் ஏறவில்லை.

இதற்கும் காரணம் இருக்கிறது. கார் சார்ஜர் வேலையை ஆரம்பிக்கும் முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்களிலும் வாடகை ஜெனரேட்டர்களிலும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்துக்கும் தொடர்பு இருக்காது. எர்த் இல்லை என்று நினைத்து சார்ஜர் மறுத்துவிடும். விற்றவர் காரைச் செருகி ஒரு தடவை சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மழை கொஞ்சம் விட்டதும் அவருடைய பையன் ஒரு பிளக்கோடு வந்தான். “இதுல போட்டா ஏறும் சார்” என்று சொல்லி, ஈரத் தரையில் நின்றுகொண்டு மாட்டப் போனான். பக்கத்து வீட்டு அண்ணன் ஈ.பி.யில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, அதை இப்படிக் குடு” என்று வாங்கி, ஸ்குருவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சை எர்த் ஒயரை வெட்டி மடித்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நியூட்ரல் முனைக்கும் சார்ஜருக்குப் போகும் எர்த்துக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பியை முறுக்கி இணைத்திருந்தார்கள். சார்ஜரை ஏமாற்ற அவ்வளவுதான் வேண்டும். சிவப்பு விளக்கு போய்விடும், காரும் ஏறும்.

அண்ணனுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “எங்கயாவது நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா, இல்ல பிளக்குல பேஸும் நியூட்ரலும் மாறிக்கிடந்தா, கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும். ஈரக்காலோட கதவைத் தொட்டா முடிஞ்சுது” என்றார். அப்பா ஒவ்வொரு முறையும் காரின் கதவைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்து அனுப்பியவர் விவரம் தெரிந்த ஆள்.

இந்த மாதிரி பிளக்கை “எர்த் பைபாஸ்”, “டம்மி எர்த்” என்று சொல்லி வேறு இடங்களிலும் கொடுக்கிறார்கள். எந்த நிலையிலும் வாங்காதீர்கள், ஏற்கெனவே வைத்திருந்தால் ஒயரை வெட்டிக் குப்பையில் போடுங்கள். செய்ய வேண்டிய முறை வேறு: உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன், இன்வெர்ட்டர் வெளியீட்டுப் பக்கத்தில் நியூட்ரலை முறையான எர்த் குழியோடு இணைத்து, அதற்குப் பிறகு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட வேண்டும். உங்கள் இன்வெர்ட்டர் மாடலில் அப்படி இணைக்கலாமா என்று அதன் கையேட்டையும் அவர் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் அப்படிச் செய்ய முடியாது.

அந்த வாரம் அப்பாவை அத்தை மகன் தன் பெட்ரோல் காரில் சுற்றுவழியாக அழைத்துப் போனான். தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, எர்த் வேலையை ஒழுங்காகச் செய்த பிறகு மெயினை அணைத்துச் சோதித்தோம். ஒரு மணி நேரம் தாண்டியதும் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. 31 சதவீதம் 43 ஆகியிருந்தது. அதோடு அவ்வளவுதான். பேட்டரியின் மேல் பொறித்திருந்த தயாரிப்புக் குறியீட்டை அப்போதுதான் படித்தோம். புது பேட்டரி என்று விற்றது, தயாராகி ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த சரக்கு.

இப்போது மாட்டப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் காரைச் செருகச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று பாருங்கள். “மின்தடை நேரத்தில் வாகனம் இத்தனை யூனிட் சார்ஜ் ஏறும்” என்ற வரியைக் கொட்டேஷனில் எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கச் சொல்லுங்கள். பொய் சொல்கிறவர் அந்த வரியை எழுதவே மாட்டார். கரண்ட் போனாலும் சோலார் வேண்டும் என்றால் அதற்கு ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றோடும் சேர்ந்து ஓடுவது) பேட்டரியும் வேண்டும். செலவு நன்றாகவே கூடும், பேட்டரிக்குத் தனி மானியமும் கிடையாது. புயல் மேகம் சூழ்ந்த நாளில் பேனலிலிருந்து சொற்பமாகத்தான் வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது செய்வது மிகச் சாதாரணமான வேலை. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தவுடனே காரை நூறு சதவீதம் ஏற்றி, மேடான இடத்தில் நிறுத்திவிடுகிறோம். பராமரிப்பு மின்தடை என்றால் முந்தின ராத்திரியே ஏற்றிவிடலாம். சில சார்ஜர்களில் 6 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. அப்போது இழுப்பது ஒன்றரைக் கிலோவாட்டுக்குள் வந்துவிடுவதால் சின்ன ஜெனரேட்டரே தாங்கும், எர்த் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கரண்ட் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

எங்கள் பணத்துக்கு வருகிறேன். பேட்டரியைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஏஜென்ட் சொன்னார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குரல் செய்தி, எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, சார்ஜரின் சிவப்பு விளக்கு வீடியோ, அந்த பிளக்கைத் திறந்து எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இணைத்தோம். பிளக்கைப் பையனிடம் திருப்பித் தரவில்லை.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி பக்கம் இதே பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். ஒரே மாதிரிக் குறை உள்ள பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகக் கொடுக்க அந்தச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பில், குரல் செய்தி எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எங்களுக்குச் செய்தி அனுப்புங்கள். முக்கியமாக, அந்த மாதிரி பிளக் உங்கள் வீட்டில் மாட்டியிருந்தால் எங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அதைக் கழற்றுங்கள்.