சுங்கை சிப்புட் ஜெர்மன் மாலை வகுப்பு: வினைக்கு முழு மதிப்பெண், பிரதிப்பெயருக்குப் பாதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவரிசை மாடியில் நடக்கும் இந்த ஏ2 (தொடக்க நிலையின் இரண்டாம் படி) வகுப்பில் பெரும்பாலும் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த தோட்டத்துப் பிள்ளைகள். கோலாலம்பூரில் ஜெர்மன் பண்பாட்டு நிறுவனமான கோத்தே இன்ஸ்டிடியூட் நடத்தும் தேர்வுக்குப் படிக்கிறார்கள். 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. எழுத்துப் பகுதியில் 20–30 சொல்லில் ஒரு குறுஞ்செய்தி, 30–40 சொல்லில் ஒரு மின்னஞ்சல். இவ்வளவு சின்ன எழுத்தில் சொல் இடம் மாறினால் பளிச்சென்று தெரியும்.

வினைப் பாடம் அருமை. மலாய், ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஹொய்டெ இஷ் கேபெ’ (இன்று நான் கொடுக்கிறேன்) என்று எழுதிவிடுகிறார்கள். வினை இரண்டாம் இடத்தில்தான் நிற்க வேண்டும், ‘ஹொய்டெ கேபெ இஷ்’. ஆசிரியர் வினை அட்டையைப் பலகையில் அசையாமல் ஒட்டிவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றி அடுக்கச் சொல்கிறார். ‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் வினை கடைசிக்குப் போகும். தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது சொந்த வீடு மாதிரி.

சறுக்கல் ‘அவன்’, ‘அது’ போன்ற பிரதிப்பெயரில். குறிப்புத்தாளில் ‘யாருக்கு முதலில், எதை பிறகு’ என்று ஒரே வரி. இரண்டும் பெயர்ச்சொல்லானால் சரி: ‘இஷ் கேபெ டேம் மன் டாஸ் பூஹ்’, அந்த ஆளுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன். இரண்டும் பிரதிப்பெயரானால் வரிசை தலைகீழ்: ‘இஷ் கேபெ எஸ் ஈம்’, அதை அவனுக்குக் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் பிரதிப்பெயரானால் அது முந்திக்கொள்ளும்: ‘ஈம் டாஸ் பூஹ்’, ‘எஸ் டேம் மன்’. ஏற்கெனவே தெரிந்த குட்டிச் சொல் வினையை ஒட்டி வரும், புதுச் செய்தி பின்னால் வரும் என்பதே காரணம். எழுவாயைக்கூட அது முந்தலாம்: ‘ஹொய்டெ கிப்ட் மீர் டேர் லேரர் டாஸ் பூஹ்’, இன்று ஆசிரியர் எனக்குப் புத்தகம் தருகிறார். இந்த விளக்கம் தாளில் இல்லவே இல்லை.

அதே தாள் ‘எதை’ என்பதை 4-ஆம் வேற்றுமை என்கிறது. ஜெர்மன் கணக்கில் சரிதான். ஆனால் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வேற்றுமை என்றால் ‘கு’ ஆயிற்றே! பிள்ளைகள் ‘ஈன்’ (அவனை) வர வேண்டிய இடத்தில் ‘ஈம்’ (அவனுக்கு) எழுதுவதற்கு இந்த எண்ணே வழி விடுகிறது. எண்ணை எடுத்துவிட்டு ‘ஐ’, ‘கு’ என்று போட்டால் போதும்.

பெயருக்கும் பிரதிப்பெயருக்கும் ஒரே நீல அட்டை கொடுத்திருப்பதும் தவறு; நிறம் வேறாக இருந்தால்தான் வரிசை புரள்வது கண்ணில் படும். அதுவரை சேருகிறவர்கள் ‘கொடு’, ‘காட்டு’, ‘அனுப்பு’ ஆகிய மூன்று வினைகளுக்கும் மேலே உள்ள நான்கு அடுக்குகளையும் எழுதி, ஆசிரியரிடம் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.